அம்மாவின் தமிழில் ஒரு பள்ளிக்கூடம்

நான் பிறந்தது தமிழ்நாட்டில், கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத ஒரு மாவட்டத்தில், ஓர் அகதி முகாமில். அப்பா பருத்தித்துறைக்காரர். அம்மாவுக்கு ஊர் இணுவில். இரண்டு பேரும் பதின்வயதில் வேறு வேறு படகுகளில் கடல் கடந்து போய், அந்த முகாமில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தார். நான் முகாமுக்கு எதிரே, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன்.

எங்களிடம் இரண்டு தமிழ் இருந்தன. வீட்டுக்குள் அம்மாவின் தமிழ். "இஞ்சை வா", "கெதியாச் சாப்பிடு", "என்ன கதைக்கிறாய்" என்பது அது. சாலையைத் தாண்டினால் மற்றது. "இங்க வா", "சீக்கிரம் சாப்பிடு", "என்ன பேசுற". முகாம் பிள்ளைகள் எல்லோருக்கும் சாலையின் நடுவிலேயே நாக்கு மாறிவிடும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு எப்படி மாறியது என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் மிஸ் பெயர் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்று, வீட்டில் ஆமாம் என்பதற்குச் சொல்வது போல, "ஓம் மிஸ்" என்றேன். பின்னாலிருந்த ஒரு பையன் உடனே "நமசிவாய!" என்று சேர்த்தான். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அவர் நல்லவர், எனக்குத் தன் சாப்பாட்டிலிருந்து முட்டை எடுத்துத் தந்திருக்கிறார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் நான் "உள்ளேன் மிஸ்" என்றேன். அதற்குப் பிறகு வீட்டுத் தமிழை வெளியே கொண்டு போகவே இல்லை.

அப்படி வளர்ந்ததால் என் மனதில் ஒரு கணக்கு விழுந்திருந்தது. அம்மாவின் தமிழ் சமைக்க, ஏச, கொஞ்ச, அழ. பஸ்ஸில் டிக்கெட் எடுக்க, டாக்டரிடம் காய்ச்சல் என்று சொல்ல, வாய்ப்பாடு ஒப்பிக்க மற்றத் தமிழ். முகாமின் தகரக் கூரைகளுக்குக் கீழே சில நூறு பேர் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒன்று என்றுதான் அம்மாவின் தமிழை நான் நினைத்திருந்தேன். அந்தத் தமிழில் ஒரு டீச்சர் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனக்குப் பதினான்கு வயதானபோது அப்பாவும் அம்மாவும் இலங்கைக்குத் திரும்பிப் போக முடிவு செய்தார்கள். திருச்சியில் விமானம் ஏறினோம். கையில் தந்த தண்ணீரை நான் குடித்து முடித்து, மூடியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழே மணலும் தென்னைகளும் வந்துவிட்டன. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, "உவ்வளவு தானே?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அதே கடலை அம்மா படகில் கடந்து வந்த கதை எனக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வடக்கே வந்தோம். வழியெல்லாம் எனக்குப் புரியாத சிங்களம். நான் ஜன்னலோரமாக ஒடுங்கி இருந்தேன். எங்கேயோ தூங்கிப்போய், வெளிச்சம் முகத்தில் பட்டுக் கண் விழித்தபோது யாரோ பெரிய குரலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நெல்லியடி இறங்கிறாக்கள் வாங்கோ, வாங்கோ! அம்மா, பையைக் கவனமாப் பிடியுங்கோ. பின்னாலை ஆள் இறங்குது, கொஞ்சம் பொறுங்கோ அண்ணை!"

நான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முகாமில் எங்களுக்குத் தெரிந்த மாமா யாரோ ஏறிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கத்தியது கண்டக்டர். தோளில் தோல் பையும் விரலிடுக்கில் மடித்த நோட்டுகளுமாக நின்றிருந்த அந்த மனிதர் அம்மாவின் தமிழில் முழு பஸ்ஸுக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவர் சொன்னபடி நகர்ந்தார்கள்.

அந்த முதல் வாரம் முழுவதும் நான் வாய் பிளந்துகொண்டுதான் திரிந்தேன். அப்பாவின் பருத்தித்துறையில், கடற்கரைப் பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டின் முன் அறையில் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். கடல் எனக்கு முதல் தடவை. பெரியப்பாவின் பிள்ளைகள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார்கள். கடல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் நான் அங்கே கரையில் மீனுக்கு விலை கூறிக்கொண்டிருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் நிலையத்து ஒலிபெருக்கி, வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், ஆஸ்பத்திரி வாசலில் "எங்கை போறியள்?" என்று மறித்த காவலாளி, மருந்துக் கடைக்காரர், கோயிலில் தேவாரம் முடிந்து வந்து அரசியல் பேசிய கிழவர்கள், எல்லோரும் எங்கள் வீட்டுத் தமிழைப் பேசினார்கள். ஒரு ஊரே எங்கள் முகாம் அறைக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. அல்லது அந்த அறையின் சுவர் கண் எட்டும் தூரம் வரை தள்ளிப்போய்விட்டது போல.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப் போனார். பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. தலைமை ஆசிரியையை அங்கே அதிபர் என்பார்கள். அதிபர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அங்கை எத்தினையாம் வகுப்பு முடிச்சனீர்?"

"நீர்" என்று ஒருவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. "நீர்" என்பது நான் படித்த பாடப்புத்தகத்தில் அரசர்கள் புலவர்களைக் கூப்பிடும் சொல். அம்மா எனக்கு "நீ"தான் சொல்வார். ஓர் அதிபர் என்னைப் புலவர் போல மரியாதையாகக் கூப்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாதான் எனக்காகச் சொன்னார்: "எட்டு முடிச்சிட்டா, ரீச்சர்."

"அப்ப ஒன்பதிலை இருக்கட்டும். சிங்களம் மட்டும் பிள்ளைக்குக் கரைச்சலா இருக்கும். மற்றதெல்லாம் தமிழ் தானே" என்றார் அதிபர்.

மற்றதெல்லாம் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் எனக்குத் தெரிந்த உலகத்துக்கு வேறு பெயர் இருந்தது. நாற்காலி கதிரை ஆனது. பெஞ்சு வாங்கு. நோட்டு கொப்பி. சாக்பீஸ் வெண்கட்டி. டீச்சர் ரீச்சர். அம்மா சொல்லிச் சில சொற்கள் காதில் விழுந்திருந்தன. அறிவியல் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது. முதலில் அதன் பெயரே விஞ்ஞானம். ரீச்சர் கரும்பலகையில் "ஒட்சிசன்" என்று எழுதினார். ஏதோ புதிய வாயு என்று நினைத்து மிகக் கவனமாகக் கொப்பியில் இறக்கினேன். பாடம் பாதி போன பிறகுதான், நான் பிறந்ததிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஆக்சிஜன்தான் அது என்று விளங்கியது. ஹைட்ரஜன் ஐதரசன் ஆகியிருந்தது. கார்பன் காபன். எல்லாம் ஊர் மாறி வந்து பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கு அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

ஆனால் அம்மாவின் தமிழில் ஒருவர் சேர்மங்களைப் பற்றி விளக்குவதைக் கேட்பது! "இதையும் இதையும் சேர்த்தா என்ன வரும் எண்டு பாப்பம். பயப்பிடாமல் கிட்ட வாங்கோ பிள்ளையள்." அம்மா புட்டுக்கு மா குழைப்பதைச் சொல்லும் அதே குரல், அதே இழுவை. சோதனைக் குழாயில் நீலம் பச்சையாக மாறியது. மற்றப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தார்கள். நான் ரீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு இருந்தும், என் வாயிலிருந்து அந்தத் தமிழ் வரவில்லை.

இதை எப்படி விளக்குவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நான் அதைத்தான் பேசினேன். பெரியப்பா வீட்டிலும் பேசினேன். ஆனால் சீருடையைப் போட்டு, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் நாக்கு தானாக மாறிவிடும். எட்டு வருடமாகப் பள்ளிக்கூடம் என்றால் மற்றத் தமிழ் என்று பழகிய நாக்கு அது. "பதில் தெரியுமோ?" என்று ரீச்சர் கேட்டால், எழுந்து "தெரியும் மிஸ், சொல்றேன்" என்பேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கும்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. இடைவேளை மணி அடித்தால் என் மேசையைச் சுற்றி நின்று விடுவார்கள். எனக்கு "இந்தியா" என்று பெயர் வைத்தார்கள்.

"இந்தியா, ஒருக்காக் கதையுமப்பா."

"என்ன பேசுறது?"

அந்த இரண்டு சொல்லுக்கே சிரிப்பும் கைதட்டலும். "ஐயோ, ரீவி நாடகத்திலை கதைக்கிற மாதிரியே இருக்கு!" ஒருத்தி நடிகர்களைப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள். எங்கள் மாவட்டத்தில் மழையையே எப்போதாவதுதான் பார்ப்போம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கேலி இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அங்கே ஒரு தமிழுக்குச் சிரித்தார்கள், இங்கே இன்னொரு தமிழுக்குச் சிரித்தார்கள். இரண்டு இடத்திலும் சிரிக்க வைப்பவளாக நான்தான் இருந்தேன்.

சிரிக்காதவள் ஒருத்திதான். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். உயரமானவள், தலைமயிரை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டிருப்பாள், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். முதல் நாள் கோடு போட எனக்குத் தன் அடிமட்டத்தைத் தந்தவள். மூன்றாவது வாரம் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நீர் வேணுமெண்டுதான் அப்பிடிக் கதைக்கிறீர்."

"இல்ல..."

"உம்மடை அம்மாவை நான் சந்தையிலை கண்டனான். எங்கடை மாதிரித்தான் கதைக்கிறா. நீரும் அவவோடை அப்பிடித்தான் கதைச்சனீர். நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். பள்ளிக்கூடம் வந்தா மட்டும் என்ன நடிப்பு?"

நடிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அதை எந்தத் தமிழில் சொல்வது? அன்றைக்கு முழுவதும் அவள் என்னுடன் பேசவில்லை. அதற்கு அடுத்த சில நாட்களும் பேசவில்லை. அவள் அடிமட்டத்தை நானும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டை வாங்கின் ஓரத்தில் இருந்து தனியே சாப்பிட்டேன்.

அந்த நாட்களில்தான் சிங்கள வகுப்பில் அது நடந்தது.

சிங்களம் படிப்பித்த ரீச்சர் தெற்கிலிருந்து வந்தவர். அங்கே வேலை பார்த்த, எங்கள் பக்கத்து வடமராட்சிக்காரர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் முடித்து இங்கே வந்து குடியேறியவர். வந்தபோது ஒரு சொல் தமிழ் தெரியாதாம். மாமியாரோடு அடுப்படியில் நின்றும், சந்தையில் மீனுக்கு விலை பேசியும், அயலாருடன் வேலியோரத்தில் நின்றும் படித்த தமிழ்தான் அவருடையது. நல்ல குண்டான, எப்போதும் வியர்க்கும், சிரித்த முகம். "ழ" மட்டும் கொஞ்சம் தடுக்கும். மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரியம்மா பேசுவது போலவே இருக்கும்.

வகுப்பில் எல்லோரும் மூன்று வருடமாகச் சிங்களம் படித்தவர்கள். எனக்கு எழுத்தே தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் வளைந்து வளைந்து தன் வாலைத் தேடிப் போவது போல இருக்கும். அன்று ரீச்சர் சொல்வதெழுதுதல் வைத்தார். எல்லோருடைய கொப்பியையும் பார்த்துக்கொண்டு வந்தவர் என் மேசைக்கு வந்து நின்றார். என் கொப்பியில் தலைப்புக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"ஏன் பிள்ளை ஒண்டும் எழுதேல்லை?"

நான் எழுந்து நின்றேன். "டீச்சர், எனக்கு இன்னும் லெட்டர்ஸ் சரியா வரலைங்க. கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா கத்துக்கிட்டு எழுதிடுவேன்."

ரீச்சர் தலையைச் சாய்த்து என் வாயைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமான குழப்பம்.

"என்ன சொல்லுறீர்?"

இன்னொரு தடவை, மெதுவாக, அதையே சொன்னேன். ரீச்சரின் நெற்றி இன்னும் சுருங்கியது. கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை. தமிழிலை சொல்லும்."

கூரை பறப்பது போல வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஒருத்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். ரீச்சருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. "என்ன, என்ன? நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று சுற்றிப் பார்த்தார். அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. மாமியாரிடமும் மீன் சந்தையிலும் படித்த ஒருவருக்கு நான் பேசியது எப்படி விளங்கும்? சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண் என்னைப் பார்த்து, உண்மையாகவே உதவ நினைத்து, தமிழில் சொல்லும் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதவிக்கும் வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் மட்டும் பொறுமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வேண்டும் அவருக்கு.

அப்போது என் வாயிலிருந்து வந்தது:

"எழுத்து இன்னும் வடிவாப் பிடிபடேல்லை, ரீச்சர். கொஞ்ச நாள் பொறுங்கோ. நான் பழகியிடுவன்."

சிரிப்பு நின்றது. என் குரல் எனக்கே யாரோ பேசியது போலக் கேட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில், சீருடையில், ஒரு ரீச்சரின் முன்னால், நான் அம்மாவின் தமிழில் பேசியிருந்தேன். யாராவது பின்னாலிருந்து ஏதாவது சொல்லப் போகிறார்கள் என்று முதுகு காத்திருந்தது.

"ஓ!" என்றார் ரீச்சர், முகம் மலர்ந்து. "உதை முதலே சொல்லியிருக்கலாம் தானே. இரும், இரும்." என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவ்வளவுதான். அவருக்கு அதில் எந்த விசேஷமும் இல்லை. ஒரு பிள்ளை தமிழில் பதில் சொன்னது.

மணி அடித்த பிறகு பக்கத்தில் இருந்தவள் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே, "உமக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "ஏன் அப்ப?" என்று கேட்டாள். குரலில் பழைய சூடு இல்லை.

நான் சொன்னேன். தடுக்கித் தடுக்கி, இரண்டு தமிழும் கலந்து, ஒன்றாம் வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்து நெற்றியைச் சுருக்கினாள்.

"ஓம் எண்டதுக்கோ சிரிச்சவை?"

"ஓம்."

"அதிலை என்ன சிரிக்கக் கிடக்கு? பேந்து வேறை எப்பிடியாம் சொல்லுறது?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு யாரும் சிரித்ததில்லை. கோயிலில், ஆஸ்பத்திரியில், பரீட்சை மண்டபத்தில், எங்கும் அவள் அதைச் சொல்லி வளர்ந்திருக்கிறாள். ஒரு சொல்லை இவ்வளவு அலட்சியமாகச் சொந்தமாக வைத்திருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரிய வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த பிள்ளை போல நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கவனிக்காமல், "வாரும், கன்ரீனிலை ரோல்ஸ் முடிஞ்சிடும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நாக்கு அப்படிச் சட்டென்று திரும்பாது. பதற்றம் வந்தால் இந்தியத் தமிழ்தான் முதலில் வரும். மேடையில் ஏற்றிவிட்டால் இரண்டும் கலந்து ஒரு மூன்றாவது வரும். பிள்ளைகளும் என்னை "இந்தியா" என்று கூப்பிடுவதை விடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் வரை அதுதான் என் பெயர். கொஞ்ச நாளில் அது எனக்கும் பழகி, பிடித்தும் போனது. அவளே எனக்குச் சிங்கள எழுத்துப் பழக்கினாள். அவள் கையெழுத்தில் அந்த வளைவுகள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் உட்காரும். என்னுடையவை வரியை விட்டு உருண்டுபோகும். வருட முடிவில் அந்தப் பாடத்தில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இப்போது வேலை விஷயமாகக் கொழும்புக்குப் போகும்போது அந்த அரைகுறைச் சிங்களம் கை கொடுக்கிறது. முகாமிலிருந்து பழைய தோழிகள் அழைத்தால் இன்னும் "சொல்லுடி, எப்படி இருக்க?" என்றுதான் வாய் திறக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் யாருடன் பேசுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த முதல் வருடத்தில் நான் பார்த்த பெரிய அதிசயத்தை இன்னும் சொல்லவில்லை. அது அம்மா.

இரண்டாம் தவணையில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். முகாமில் இருந்தபோதும் பள்ளியில் இப்படிக் கூட்டம் நடக்கும். அம்மா வருவார். பின்வரிசையில், சுவரோடு சுவராக நிற்பார். மிஸ் ஏதாவது கேட்டால் அம்மா என் பக்கம் திரும்புவார். நான்தான் அம்மாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்வேன். "உங்க அம்மா ரொம்ப அமைதி" என்பார் மிஸ். எங்கள் வீட்டில் அம்மாவின் வாயை அடைக்க யாராலும் முடியாது என்பதை நான் அவருக்கு எப்படிச் சொல்வது?

பருத்தித்துறைக் கூட்டத்துக்கு வரும்போதும் அம்மா பழைய பயத்தோடுதான் வந்தார். வாசலில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "நீ எனக்குப் பக்கத்திலை நிப்பாய் தானே?" என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன். மண்டபத்தில் பின்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்தோம்.

அதிபர் பரீட்சை பற்றிச் சொன்னார். கூரை திருத்த வேண்டும் என்றார். பிள்ளைகள் பின்னேரம் சோர்ந்து போகிறார்கள், தலையிடி என்று அடிக்கடி வருகிறார்கள், காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்றார். பெற்றோர் தலையை ஆட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றார்.

"அதிபர் அம்மா, ஒரு கதை சொல்லலாமோ?"

அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அம்மா கவனிக்கவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் அதிபர்.

"பிள்ளையள் சாப்பிட்டுத்தான் வருகினம். தண்ணிதான் குடிக்கினமில்லை. இஞ்சத்தைக் குழாய்த் தண்ணி சவர், ஒரே உப்பு. நான் இணுவில் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தனான், எனக்கு வாயிலை வைக்கவே ஏலாமல் கிடக்கு. என்ரை பிள்ளை காலமை கொண்டு போற போத்தல் இடைவேளையோடை முடிஞ்சிடும். பேந்து வீட்டை வரும் வரைக்கும் ஒண்டுமில்லை. தலையிடிக்காமல் என்ன செய்யும்?"

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வரப் போகிறது என்று காத்திருந்தேன். பழக்கம்.

"உண்மை தான்!" என்றது முன்னாலிருந்து ஒரு குரல். "என்ரை மகளும் உதைத்தான் சொல்லுறவள்." இன்னொரு தகப்பன் எழுந்தார். பிறகு பலர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அதிபர் கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, அம்மாவையே பார்த்துக் கேட்டார்:

"அப்ப என்ன செய்யலாம் எண்டு நினைக்கிறியள்?"

ஓர் அதிபர் என் அம்மாவிடம் அபிப்பிராயம் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முகாமில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றே பாதி வாழ்க்கை போனவர் அவர். தண்ணீர்த் தாங்கியை எங்கே வைக்க வேண்டும், வெயில் படாமல் எந்த மரத்தடி நல்லது, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் காலையில் வந்தால் என்ன வசதி, மத்தியானம் வந்தால் என்ன கரைச்சல், குழாயை எவ்வளவு உயரத்தில் போட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும், எல்லாவற்றையும் கையால் காற்றில் கீறிக் காட்டினார். குரல் ஏறி ஏறி வந்தது. வீட்டில் அடுப்படியிலிருந்து முற்றத்துக்குக் கேட்கும் அந்தக் குரல் இப்போது மண்டபத்தின் கடைசி ஜன்னல் வரை போனது. இடையில் ஏதோ பகிடி சொன்னார். இத்தனை பேர் முன்னால் அம்மா பகிடி விடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். என்ன பகிடி என்று எனக்கு நினைவில்லை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்மணி யார் என்று தெரியாதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தவணையில் வேப்ப மரத்தடியில் ஒரு கறுப்புத் தாங்கி வந்தது. ஆனால் அது பிறகு நடந்த கதை.

அன்று கூட்டம் முடிந்தும் அம்மா வீட்டுக்குப் போகும் வழியைப் பார்க்கவில்லை. வாசலில் நாலைந்து தாய்மார் பிடித்துக்கொண்டார்கள். எந்த ஊர், யாருடைய ஆட்கள், எப்ப வந்தது என்று கேள்விகள். அம்மா எல்லாவற்றுக்கும் விரிவாகப் பதில் சொல்லி, பதிலுக்கு அவர்களையும் விசாரித்தார். சிங்கள ரீச்சர் வந்து சேர்ந்துகொண்டார். அம்மாவும் அவரும் மீன் விலையைப் பற்றி ஆரம்பித்தார்கள். நான் புத்தகப் பையோடு ஒரு காலில் நின்று மறு காலுக்கு மாறினேன்.

பிறகு கடைத்தெருவில் வடைக்காரியிடம் நின்றோம். பருத்தித்துறையின் தட்டை வடை, கையில் எடுத்தாலே நொறுங்கும். அம்மா ஒரு பை வடை வாங்கிக்கொண்டு, மாவில் என்ன கலப்பீர்கள் என்று தொடங்கினார். வடைக்காரி சொல்லவில்லை. அம்மா விடவில்லை. நாங்கள் போக வேண்டிய பஸ் பின்னால் வந்து, ஹோர்ன் அடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அம்மா, பஸ் போகுது!"

"போகட்டும். நடந்து போவம்."

கடற்கரைத் தெருவால் நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. வலைகளை உதறிக்கொண்டிருந்த ஒருவர் அம்மாவுக்குத் தெரியாதவர். அம்மா அவரிடமும் இன்றைக்கு என்ன பட்டது என்று கேட்டார். அவர் ஓர் ஐந்து நிமிடம் சொன்னார். அதற்குப் பிறகு மதிலோரம் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தபால்காரர். அம்மா முன்னால் நடந்தார். கையை வீசிக்கொண்டு, சேலைத் தலைப்பு காற்றில் அடிக்க, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கொஞ்சம் பின்னால் வந்தேன். கிட்டப் போனால் அம்மா பழையபடி என் பக்கம் திரும்பி, அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.